ஜீப்பை விட்டு இறங்கினால் தெரியும் காடு

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் வெளியார் நுழைவதைப் பொதுவாகத் தடை செய்துவிட்டு, எந்தெந்தக் காரியங்களுக்கு அனுமதி தரலாம் என்பதை 28ஆம் பிரிவில் வரிசையாகச் சொல்கிறது. வனவிலங்குகளைப் பற்றிய ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வாழும் மக்களோடு முறையான கொடுக்கல் வாங்கல் ஆகியவை அந்தக் காரியங்கள். தேசியப் பூங்காக்களுக்கும் இதே விதிதான். இந்த வரிசையில் சுற்றுலா நான்காவது இடத்தில் நிற்பதற்குச் சட்டப்படி தனி மதிப்பு எதுவும் இல்லை என்றாலும், வெள்ளிக்கிழமை இரவு பெங்களூருவிலிருந்து மைசூரு சாலையில் வரிசைகட்டும் வண்டிகளைப் பார்த்தால் நான்காவது முதலாவதாகி மற்றவற்றை மறைத்துவிட்டது என்பதும், சுற்றுலாவும்கூடப் புலியைத் தேடி ஜீப்பில் அமர்ந்து செல்வது என்ற ஒரே வடிவத்துக்குச் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் விளங்கும்.

இந்தியப் பெருநகரங்களுள் பெங்களூருவுக்கு வாய்த்த அளவுக்குக் காட்டின் அண்மை வாய்த்தவை குறைவு. நகரின் தெற்கு விளிம்பிலேயே பன்னேர்கட்டா தேசியப் பூங்கா தொடங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ அறுபடாத காடாகக் காவிரி வனவிலங்குச் சரணாலயம் வரை யானைகளின் வழி நீள்கிறது. மைசூரு சாலையில் ராமநகரத்தின் பாறைக்குன்றுகளும், மத்தூரை அடுத்து கொக்கரெபெள்ளூர் என்னும் பறவைக் கிராமமும், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்து ரங்கனத்திட்டும் இருக்கின்றன. இன்னும் தெற்கே சென்றால் புலிகள் காப்பகங்களான பந்திப்பூரும் நாகரஹொளேயும் வந்துவிடுகின்றன. இத்தனை வகை நிலம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கையில், பார்வையாளர் அங்கே போய் என்ன செய்கிறார், எதைக் கற்கிறார், அவர் வந்துபோனதால் அந்த நிலத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால், அதிகச் செலவு பிடிக்கும் சஃபாரிதான் மிகக் குறைவாகத் தருகிறது என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

பூங்கா எது, காடு எது

பன்னேர்கட்டாவுக்குச் சென்று வந்ததாகச் சொல்வோரில் பெரும்பாலோர் தேசியப் பூங்காவுக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். அவர்கள் பார்த்தது, அதன் வடபகுதியில் ஏறத்தாழ 732 ஹெக்டேரில் கர்நாடக விலங்குக்காட்சிசாலை ஆணையத்தின் கீழ் இயங்கும் உயிரியல் பூங்கா. 1974இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டு இன்று ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவிலிருந்து இது நிர்வாகத்திலும் நோக்கத்திலும் வேறுபட்டது. கம்பிவலை போட்ட பேருந்து சிங்கம், புலி, கரடி ஆகியவற்றின் அடைப்புகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து செல்வதைச் சஃபாரி என்று அழைத்தாலும், அந்த விலங்குகளில் பல சர்க்கஸிலிருந்தும் தெருவித்தைக்காரர்களிடமிருந்தும் மீட்கப்பட்டவையும் அவற்றின் வழிவந்தவையும் ஆகும். 2005இல் இங்கே தொடங்கப்பட்ட கரடிகள் மீட்பு மையத்துக்கு, நாட்டில் வித்தை காட்டிக்கொண்டிருந்த கரடிகளில் கடைசியானது என அறியப்பட்ட ராஜு 2009 டிசம்பரில் வந்து சேர்ந்தது என்பது, இந்தப் பூங்காவின் விளம்பரப் பலகைகளில் இதற்கு மேலும் பெரிய எழுத்தில் இடம்பெறத் தக்க செய்தி.

2006இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது. 2024 ஜூனில் 20 ஹெக்டேர் பரப்பில் சிறுத்தை சஃபாரியும் தொடங்கப்பட்டது. மரமேறும் விலங்கைத் திறந்தவெளியில் நிறுத்துவது எளிதன்று என்பதால் உயரமான கம்பிவலைக்கு மேலே உட்புறம் சாய்ந்த இரும்புத் தகடுகள் பொருத்தப்பட்டன. ஆயினும், 2025இல் சஃபாரி வண்டியின் சன்னல் வழியே சிறுத்தை நகத்தால் பார்வையாளரைக் காயப்படுத்திய நிகழ்வு ஒன்றுக்கு மேல் நடந்தது. சன்னல் இடுக்குகளை அடைப்பது பற்றியும் வண்டிகளின் அமைப்பு பற்றியும் அப்போதுதான் தீவிரமாகப் பேசப்பட்டது. அடைப்பில் பழகி மனிதருக்கு அஞ்சாத விலங்கு, காட்டு விலங்கைவிட வண்டியை நெருங்கும் என்பதை நினைவில் கொண்டால் இதில் வியக்க ஒன்றும் இல்லை.

உயிரியல் பூங்கா விடுமுறை நாள்களில் நிரம்பி வழிகையில், அதன் வேலிக்கு அப்பால் இருக்கும் உண்மையான காடு ஏறத்தாழ எவர் கண்ணிலும் படாமல் சுருங்கிவருகிறது. காப்புக்காட்டைச் சுற்றி, சுரங்கம், கல்லுடைத்தல், பெருங்கட்டுமானம் போன்றவை கட்டுப்படுத்தப்படும் வளையத்துக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் என்று பெயர். பன்னேர்கட்டாவுக்கு 2016ஆம் ஆண்டு வரைவில் ஏறத்தாழ 269 சதுர கிலோமீட்டராக இருந்த இந்த வளையம், 2020இல் வெளிவந்த இறுதி அறிவிக்கையில் 169 சதுர கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆனேக்கல் தாண்டி தளி, ஜவளகிரி, ஓசூர் வட்டாரத்துக் கேழ்வரகு வயல்களுக்கு வரும் யானைகளின் பாதை இந்தக் காட்டோடு தொடர்புடையதாகையால், கர்நாடகத்தின் அறிவிக்கையில் குறைந்த நிலத்தின் விளைவு கிருஷ்ணகிரி மாவட்டத்து விவசாயியின் வயலிலும் தெரியும். வார இறுதியில் ஆயிரக்கணக்கில் வருபவர்களில் ஒரு சிறு பகுதியினராவது அந்த வளையம் எங்கே ஓடுகிறது என்று அறிந்திருந்தால் அந்தக் குறைப்பு அத்தனை சத்தமின்றி நடந்திருக்குமா என்பது கேட்கத் தக்க கேள்வி.

கெத்தா முதல் கேன்டர் வரை

நாகரஹொளேயை ஒட்டிய கபினி ஆற்றின் கரையில் விலங்கு பார்க்கும் வழக்கம் இன்று நேற்றுத் தொடங்கியது அன்று. ஜி.பி. சாண்டர்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1873-74இல் சாமராஜநகர் பகுதியில் மைசூரு சமஸ்தானத்துக்காக வெற்றிகரமாக நடத்திக்காட்டிய கெத்தா, அதாவது யானைக்கூட்டத்தைப் பறையொலியாலும் தீப்பந்தத்தாலும் மிரட்டி வளைத்துப் பள்ளம் சூழ்ந்த மரத்தடுப்புக்குள் ஓட்டிப் பிடிக்கும் முறை, பின்னர் காகனகோட்டையில் அரசு விழாவாக வளர்ந்தது. வைசிராய்களும் இளவரசர்களும் மேடையில் அமர்ந்து பார்ப்பதற்கென்றே அது ஏற்பாடு செய்யப்பட்டது. கடைசிக் கெத்தா 1971இல் நடந்தது. சில ஆண்டுகளில் கபினி அணை எழும்பி, பழைய பிடிநிலத்தின் பகுதிகள் நீருக்குள் போயின. அந்த நீர்த்தேக்கம் கோடையில் வற்றும்போது வெளிப்படும் கரைப்படுகையில் இளம்புல் முளைப்பதால், சுற்றுக் காடுகளின் யானைகள் பிப்ரவரி முதல் மழை தொடங்கும் வரை அங்கே பெருங்கூட்டமாகக் கூடுகின்றன. கபினிக்குப் பெயர் வாங்கித் தந்த காட்சி இதுவே.

1980இல் நேபாளத்து டைகர் டாப்ஸ் நிறுவனத்தோடு கூட்டாகக் கர்நாடக அரசு தொடங்கிய ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ், 1984இல் காராப்புராவில் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகையை ஒட்டிக் கபினி ஆற்று விடுதியைத் திறந்தது. சில ஆண்டுகளில் அது முழுமையாக அரசு நிறுவனமாயிற்று. முன்னாள் வேட்டைக்காரரான கர்னல் ஜான் வேக்ஃபீல்டு, 2010இல் இறக்கும் வரை அந்த விடுதியின் முகமாக இருந்து, விருந்தினருக்குக் காட்டை விளக்கும் இயற்கை வழிகாட்டிகளின் மரபு ஒன்று உருவாகத் துணை நின்றார். இந்தியாவில் அரசே முன்னின்று நடத்திய காட்டுச் சுற்றுலாவில் இதைவிட நல்ல தொடக்கம் வேறு எங்கும் அமையவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அதன் வெற்றியே பிறகு சுமையாயிற்று. ஆய்வாளர்கள் கிருதி காரந்தும் ரூத் டிஃப்ரீஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, நாகரஹொளே உட்படப் பத்துக் காப்பிடங்களில் பார்வையாளர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு வீதம் பெருகியதையும், வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியரே என்பதையும், விடுதிகளில் பெரும்பகுதி காப்பிட எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் குவிந்திருப்பதையும், சுற்றுவட்டாரத்து மக்களில் மிகச் சொற்பப் பேருக்கே அதனால் வேலை கிடைத்ததையும் எடுத்துக்காட்டியது. வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கான பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தது உள்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் வார இறுதியாக மாறிவிட்டது. நகரத்து மாத ஊதியக்காரர் காட்டைக் காண விரும்புவதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்குக் கொடுக்கப்படுவது என்ன என்பதே பேச வேண்டிய பொருள்.

கொடுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான்: விடியற்காலையிலோ மாலையிலோ சில மணி நேரம், ஜீப்பிலோ கேன்டர் என்று அழைக்கப்படும் இருபதுக்கு மேற்பட்டோர் அமரும் திறந்த வண்டியிலோ வரையறுத்த பாதையில் ஒரு சுற்று. புள்ளிமான் அபாயக் குரல் கொடுத்தால் வண்டி நிற்கும். புலி தென்பட்டால் அதற்குச் சைட்டிங் என்று பெயர். தென்படாவிட்டால் அன்றைய பயணம் வீண் என்ற முகங்களோடு விடுதிக்குத் திரும்புவார்கள். அந்தச் சுற்றில் கடந்துபோன கரையான் புற்று, அதைக் கரடி தோண்டிய தடம், தேக்குத் தோப்புக்கும் இயற்கைக் காட்டுக்கும் இடையில் பறவைகளின் எண்ணிக்கை மாறுவது, காட்டுக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்ட ஜேனு குறுபர் பழங்குடியினரின் குடியிருப்பு ஆகியவற்றைக் கவனிக்க நேரம் வாய்ப்பதில்லை. சட்டத்தின் 28ஆம் பிரிவு முதலாவதாகச் சொன்ன கற்றல், வண்டியின் வேகத்தில் நிகழ்வதில்லை.

நீதிமன்றங்கள் இதில் பலமுறை தலையிட்டிருக்கின்றன. நாகரஹொளேயின் முர்க்கல் என்னுமிடத்தில் தாஜ் குழுமம் விடுதி நடத்த அரசு அளித்த குத்தகை, பழங்குடி மக்களின் நெடிய எதிர்ப்புக்குப் பின் 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் செல்லாமல் போயிற்று. 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மிகாத பரப்பிலேயே சுற்றுலா நடக்கலாம் என்றும், ஒவ்வொரு காப்பகமும் தன் தாங்குதிறனை, அதாவது நிலமும் விலங்கும் பாதிக்கப்படாமல் ஒரு நாளில் எத்தனை வண்டிகள் ஓடலாம் என்னும் எல்லையைக் கணக்கிட வேண்டும் என்றும் வரையறுத்த பிறகே அந்தத் தடை நீங்கியது. 2025 நவம்பரில் கார்பெட் புலிகள் காப்பக வழக்கின் தீர்ப்பில் இரவுச் சுற்றுலாவும், மையப் பகுதிச் சுற்றுலா மண்டலத்தில் கைப்பேசிப் பயன்பாடும் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. புலி இருக்குமிடத்தைக் கைப்பேசி வழியே வண்டிக்கு வண்டி அறிவித்துக்கொண்டு ஒரே இடத்தில் குவியும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் தேவை தனியே விளக்க வேண்டியதன்று.

அதே நவம்பரில் மைசூரு மாவட்டத்தின் சரகூரு பகுதியில் அடுத்தடுத்து விவசாயிகள் புலி தாக்கி இறந்ததைத் தொடர்ந்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்திவைத்து, அதில் ஈடுபட்டிருந்த பணியாளர்களையும் வண்டிகளையும் ஊரோரக் காவலுக்கு அனுப்பும்படி கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். சஃபாரி வண்டிகளின் நடமாட்டந்தான் புலிகளை வெளியே தள்ளுகிறது என்ற விவசாயிகளின் குற்றச்சாட்டு அறிவியல்படி நிறுவப்பட்டதன்று. 2022 கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150, நாகரஹொளேயில் 141 என்று புலிகள் இருந்த நிலையில், இளம் புலிகளும் கிழப் புலிகளும் விளிம்புக்கு ஒதுங்குவது இயல்பு. ஆனால் ஒரே துறை, ஒரே ஆள்பலத்தைக் கொண்டு, விருந்தினருக்குப் புலியைக் காட்டுவதா உழவரைப் புலியிடமிருந்து காப்பதா என்ற நெருக்கடிக்கு வந்து சேர்ந்தது என்பது மட்டும் மறுக்க முடியாத உண்மை.

தூண்டில்காரர்களின் கணக்குப் புத்தகம்

காவிரி, சங்கமத்தைத் தாண்டி மேகதாதுவின் குறுகிய பாறை இடுக்கு வழியாகப் பாய்ந்து ஒகேனக்கல்லை நோக்கி வரும் பகுதியின் கர்நாடகக் கரைகள், 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் நிலம். மருதமும் புங்கும் நீரின் மேல் கவிழ்ந்து நிற்கும் இந்தக் கரைகளில், நரைநிற மலையணிலும், மணல் திட்டுகளில் நீர்நாய்க் கூட்டமும், பாறைகளில் முதலையும் உண்டு. ஆனால் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களை இங்கே இழுத்தது மஹ்சீர் என்னும் மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த நன்னீர் மீனின் காவிரி இனம் உலகின் மிகப் பெரிய மஹ்சீர்களுள் ஒன்று. 1946இல் மைசூருவின் பெயர்பெற்ற பாடஞ்செய் குடும்பத்தைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் பிடித்த 120 பவுண்டு மீன் இன்றும் தூண்டில் உலகில் பேசப்படுகிறது.

1972இல் பெங்களூருவில் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு நீளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. ஜங்கிள் லாட்ஜஸ் பீமேஸ்வரியிலும் கலிபோரேயிலும் தொட்டமாகளியிலும் முகாம்கள் அமைத்தது. கேழ்வரகு மாவை மசாலா சேர்த்துப் பிசைந்து வேகவைத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிக் கொக்கியில் பொதிந்து, பரிசலில் இருந்தோ பாறையில் நின்றோ சுழலுக்குள் எறிவார்கள். மீன் கவ்வினால், பாறைக்கு அடியில் அது நூலை இழுத்துக்கொண்டு போய்விடாமல் பரிசலைச் சுற்றிச் சுற்றிச் செலுத்துவது உள்ளூர்ப் பரிசல்காரரின் கலை. கரைக்குக் கொண்டுவந்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, மூச்சு சீராகும் வரை ஓட்டநீரில் பிடித்திருந்து திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. தோட்டா வெடித்து மீன் பிடித்துவந்த கரையோர மக்கள் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்கு வந்ததால், முகாம்கள் இருந்த பகுதிகளில் வெடிச்சத்தம் அடங்கிற்று.

சரணாலயத்துக்குள் தூண்டில் இடுவதும் சட்டத்தில் சொல்லப்பட்ட வேட்டைக்குள் அடங்கும் என்ற விளக்கம் 2009க்குப் பின் வலுப்பெற்று, 2012க்குள் முகாம்களில் மீன்பிடித்தல் முற்றிலும் நின்றது. இந்த இடத்தில் அமெரிக்க முறையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1903இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவில் தொடங்கிய அந்நாட்டுத் தேசிய வனவிலங்குப் புகலிட அமைப்புக்கு 1997இல் இயற்றப்பட்ட சட்டம், வேட்டை, மீன்பிடித்தல், விலங்கு நோக்கல், ஒளிப்படம், சூழல் கல்வி, இயற்கை விளக்கம் என்று ஆறு செயல்களை, காப்புநோக்கத்தோடு பொருந்துமானால், பார்வையாளருக்கு முன்னுரிமையோடு அனுமதிக்கிறது. இந்தியா வேட்டையை அடியோடு விலக்கியது இந்நாட்டின் நிலைமைக்கு ஏற்ற முடிவே ஆயினும், பிடித்து விடுவிக்கும் தூண்டிலையும் துப்பாக்கியையும் ஒரே தட்டில் வைத்தது சரிதானா என்பதில் ஐயம் கொள்ள இடம் இருக்கிறது.

அந்த ஐயத்தைக் கிளப்பியது தூண்டில்காரர்களின் பதிவேடுதான். கலிபோரே முகாமில் யார், எத்தனை மணி நேரம் தூண்டில் இட்டார், எந்த நிறத் துடுப்புள்ள, எத்தனை பவுண்டு மீன் கிடைத்தது என்று நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கையில் எடுத்து, 1998 முதல் 2012 வரை 23,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட தூண்டில் உழைப்பையும் 6,000க்கு மேற்பட்ட மீன்களையும் பகுத்து ஆராய்ந்தார்கள். காவலின் பயனாக மீன்களின் மொத்த எண்ணிக்கை பெருகியது உண்மை. ஆனால் பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரிக்கே உரிய, முதுகு திமிலாக உயர்ந்த, செம்மஞ்சள் துடுப்புள்ள பேரினம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து அரிதாகிவிட்டது. நீலத்துடுப்பு மீன், மகாராஷ்டிரத்தின் லோணாவளாப் பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு காவிரியில் கொண்டுவந்து விடப்பட்ட வேற்று ஆற்று இனம்.

ஆற்றைக் காத்தவர்களே, காப்பதாக எண்ணிக்கொண்டு, காக்க வேண்டிய மீனுக்குப் போட்டியை உருவாக்கிவிட்டார்கள் என்பதை அவர்களுடைய குறிப்பேடே காட்டிக்கொடுத்தது. திமில் மஹ்சீருக்கு அதுவரை முறையான அறிவியல் பெயர்கூட உறுதிப்படவில்லை. அமராவதியின் கிளையான பாம்பாற்றிலிருந்து 2007இல் டோர் ரெமாதேவி என்ற பெயரில் விவரிக்கப்பட்ட இனமும் இதுவும் ஒன்றே என்று 2018இல் நிறுவப்பட்டு, அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாக அது சேர்க்கப்பட்டது. தூண்டில் தடைக்குப் பின் முகாம்களில் பரிசல் சவாரி, கயிற்றில் தொங்கிச் சறுக்குதல், காட்டோர நடை எல்லாம் நடக்கின்றன. பதிவேடு மட்டும் இல்லை. 2012க்குப் பின் அந்த நீளத்தில் திமில் மஹ்சீர் எத்தனை என்று அறிய அதற்கு இணையான தொடர்ச்சியான குறிப்பு எதுவும் கைவசம் இல்லாமல் போனதுதான் தடையின் பெரிய இழப்பு.

நடை, மலை, மரத்தடி

காட்டில் நடப்பது கர்நாடகத்தில் அண்மையில்தான் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. 2024 குடியரசு நாள் விடுமுறையில் புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயத்தின் குமாரபர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஏறி, ஒற்றையடிப் பாதையில் தேர்த்திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்து நின்ற படங்கள் பரவியதை அடுத்து, இணையவழி முன்பதிவு இல்லாத மலையேற்றங்களை அரசு நிறுத்திவைத்தது. அக்டோபரில் ஆரண்ய விஹாரா என்ற முன்பதிவுத் தளம் தொடங்கப்பட்டு, ஒரு பாதையில் ஒரு நாளைக்கு 300 பேர் என்ற உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. பெங்களூருவைச் சுற்றிய ஸ்கந்தகிரி, சாவனதுர்கா, மாகளிதுர்கா, ராமநகரம் ஆகியவற்றின் பாதைகளும் முன்பதிவின் கீழ் வந்தன. எல்லாப் பாதைக்கும் ஒரே எண் என்பது நிர்வாக வசதிக்கு நல்லது. ஆனால் புல்வெளி முகடும் பாறைக்குன்றும் ஒரே அளவு கால்களைத் தாங்குவதில்லை.

ராமநகரத்தில் ராமதேவர மலையை உள்ளடக்கி 346 ஹெக்டேரில் 2012இல் பாறுகளுக்கென நாட்டின் முதல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபீனாக் மருந்தால் நாடெங்கும் அழிந்த இந்தப் பிணந்தின்னிக் கழுகுகளில் மிகச் சில இன்னும் அங்குள்ள செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டுகின்றன. பாறை ஏறுவோரும் ‘ஷோலே’ படம் எடுத்த இடம் பார்க்க வருவோரும் விரும்புவது அதே பாறைகளைத்தான் என்பதால், கூடுள்ள மலையில் ஏறுதலைத் தவிர்த்து அக்கம்பக்கத்துக் குன்றுகளுக்குப் போவதே முறை.

ரங்கனத்திட்டில் நிலைமை எளிது. பதினேழாம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்துத் தடுப்பணையால் காவிரிக்கு நடுவே உருவான திட்டுகள், பறவையியலாளர் சலீம் அலியின் பரிந்துரையால் 1940இல் சரணாலயமாயின. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தன. துடுப்புப் படகில், பாறையில் வாய்பிளந்து கிடக்கும் முதலைகளைக் கடந்து, நத்தைகுத்தி நாரையின் கூடுகளுக்கு அருகே சென்று வரலாம். கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து வெள்ளநீர் திறக்கும் நாள்களில் படகு ஓடாது.

கொக்கரெபெள்ளூர் இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. இது காடு அன்று. 2007இல் சமூகக் காப்பிடமாக, அதாவது ஊராரின் சொந்த நிலத்திலேயே அவர்கள் ஒப்புதலோடு பாதுகாக்கப்படும் இடமாக அறிவிக்கப்பட்ட சாதாரண உழவர் கிராமம். வீட்டுக் கொல்லையிலும் தெரு முனையிலும் நிற்கும் புளியமரங்களிலும் அரசமரங்களிலும், டிசம்பர் வாக்கில் தொடங்கிக் கோடை வரை கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் கூடு கட்டுகின்றன. புளி உலுக்கினால் கூடு கலையும் என்பதால் அந்தப் பருவத்து விளைச்சலை விட்டுக்கொடுக்கும் மரக்காரருக்கு வனத்துறை ஈட்டுத்தொகை தருகிறது. மரத்தடியில் குழி வெட்டி எச்சத்தைச் சேர்த்து வயலுக்கு எருவாக இடுவது ஊர் வழக்கம். காற்றில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பட்டியில் வைத்து மீன் கொடுத்து வளர்த்து அனுப்ப, ஹெஜ்ஜார்லே பளக என்ற உள்ளூர்க் குழு 1994 முதல் உழைக்கிறது. திருநெல்வேலியின் கூந்தன்குளமும் செங்கற்பட்டின் வேடந்தாங்கலும் அறிந்த தமிழருக்கு இந்த உறவு புதிதன்று. பார்வையாளர் இங்கே செய்யக்கூடியது, தெருவில் மெல்ல நடந்து, அண்ணாந்து பார்த்து, மரத்துக்கு உரியவரோடு பேசுவது மட்டுமே. கட்டணச்சீட்டு விற்கவும் அதிகம் இல்லை, படம் பிடிக்கத் தொலைநோக்கு வில்லையும் பெரிதாகத் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில், வண்டிச் சுற்றுகள் பலவற்றில் கிடைக்காத அளவுக்குப் பறவையின் வாழ்க்கை இங்கே கண்ணுக்கு நேரே நடக்கிறது.

நகருக்குள்ளேயே இதற்கு ஒரு பள்ளி இருக்கிறது. ஜோசப் ஜார்ஜ் என்னும் விஞ்ஞானி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய பறவை நோக்குநர் களச் சங்கம், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை லால்பாக்கில் கூடி நடக்கும் வழக்கத்தைப் பல பதிற்றாண்டுகளாகப் போற்றிவருகிறது. அந்த நடைகளில் எழுதப்பட்ட பட்டியல்களால் நகரின் பறவைகளுக்கு ஒரு வரலாறு கிடைத்தது. அவற்றைப் போன்ற குறிப்புகளை இன்று இ-பேர்டு இணையதளத்தில் எவரும் ஏற்றலாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பங்கு கொள்ளலாம். தொழில்முறை ஆய்வாளர் அல்லாதவர் முறைப்படி சேர்க்கும் தரவால் வளரும் இதற்குக் குடிமக்கள் அறிவியல் என்று பெயர். இதன் கடினமான வடிவத்தையும் பெங்களூருக்காரர்கள் அறிவார்கள்: புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1980களிலிருந்து நாகரஹொளேயில் நடத்திய நேர்கோட்டுக் கணக்கெடுப்புகளில், பயிற்சி பெற்ற நகரத்துத் தன்னார்வலர்கள் விடியலில் இருவர் இருவராகக் குறித்த கோட்டில் ஓசையின்றி நடந்து, மானும் காட்டெருதும் எத்தனை, எந்தக் கோணத்தில், எவ்வளவு தொலைவில் என்று அளந்து எழுதினார்கள். புலிக்கு இரை எவ்வளவு உண்டு என்ற கணக்கு அப்படித்தான் உருவாயிற்று. அவர்களுள் எத்தனையோ பேர் வார நாள்களில் கணினி நிறுவனங்களிலும் வங்கிகளிலும் இருந்தவர்கள்.

இப்படிப் பழகியவர்கள் நிலத்துக்கு ஆபத்து வரும்போது வாய் திறக்கிறார்கள். கனகபுரா சாலையை ஒட்டிய துரஹள்ளிக் காட்டின் ஒரு பகுதியை நடைபாதையும் அமர்விடமும் கொண்ட மரப்பூங்காவாக மாற்ற வனத்துறை முனைந்தபோது, அங்கே பறவை பார்ப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் பாறை ஏறுபவர்களும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போரும் 2021 தொடக்கத்தில் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பூங்காவானால் தங்களுக்கே வசதி கூடியிருக்கும் என்றாலும், முட்புதரில்தான் கௌதாரியும் முயலும் இருக்கின்றன என்பதைக் கண்ணால் கண்டிருந்ததால் அவர்கள் வசதியை வேண்டாம் என்றார்கள். நகரின் வடமேற்கிலுள்ள ஹெசரகட்டாப் புல்வெளியும், தரிசு என்று கருதப்பட்டுத் திரைப்பட நகரம் முதல் பல திட்டங்களுக்குக் குறிவைக்கப்பட்டு, பறவையாளர்களின் நெடுநாள் முயற்சிக்குப் பின் 2024இல் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பாதுகாப்புக் காப்பிடமாக மாநில அரசின் ஒப்புதலைப் பெற்றது. குளிர்காலத்தில் வலசைவரும் பூனைப்பருந்துகள் இரவில் தங்குவது அங்குள்ள தரைப்புல்லில்தான். ஆகவே படம் எடுக்க வருவோர் காரைப் புல்லில் இறக்காமல் சாலையிலேயே நிறுத்துவதும், பருந்தை வரவழைக்க இரை போடாமல் இருப்பதும் அறிவிப்புப் பலகைக்குக் காத்திராமல் இப்போதே தொடங்க வேண்டிய பழக்கங்கள்.